கொன்ராக்ட் லென்ஸும் உறுத்தும் கண்ணும்

கொன்ராக்ட் லென்ஸ் என்று நாம் பேச்சில் சொல்லும் தொடுவில்லை, ஒரு காலத்தில் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் உள்ளவர்களின் பொருளாகவே எமக்குத் தோன்றியது. இன்று நிலைமை வேறு. உரும்பிராய், கோப்பாய், நீர்வேலி போன்ற எமது செம்மண் கிராமங்களிலும் அதை அணிவோர் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகள், வங்கிகளிலும் கடைகளிலும் வேலை செய்யும் இளைஞர் யுவதிகள், கலியாணப் பேச்சு நடக்கும் வேளையில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைக்க விரும்பும் பெண்கள் எனப் பலர். சிலருக்கு வைத்தியரே எழுதிக் கொடுத்திருக்கிறார். வேறு சிலருக்கு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் பொதியில் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

இவர்களிடமிருந்து அடிக்கடி எழும் முறைப்பாடு ஒன்றுதான்: "லென்ஸ் போட்டால் கண் உறுத்துகிறது. மாலையானால் எரிகிறது, சிவக்கிறது." இதற்கு அயலவர்கள் சொல்லும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பழகினால் சரியாகிவிடும்." இந்தப் பதில் சில வேளைகளில் உண்மை, பல வேளைகளில் ஆபத்தானது. உறுத்தல் என்பது கண் எம்மிடம் சொல்லும் ஒரு செய்தி. அதன் பொருள் என்ன, எந்த உறுத்தலுக்கு ஆறுதலாக இருக்கலாம், எந்த உறுத்தலுக்கு அன்றே வைத்தியசாலைக்கு ஓட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கண்ணின் முன்கதவு

எமது கருவிழிக்கு முன்னால் தெளிந்த கண்ணாடி போன்ற ஒரு படலம் உண்டு. இதனை விழிவெண்படலம் என்பர். இதன் தடிப்பு நடுப்பகுதியில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் மாத்திரமே. ஒளி உள்ளே போகும் முதல் வாசல் இதுதான். ஒளி தடையின்றிப் போவதற்காக இப்படலத்தில் இரத்தக் குழாய்களே இல்லை. அப்படியானால் அது எவ்வாறு உயிர் வாழ்கிறது? தனக்குத் தேவையான ஒட்சிசனில் பெரும்பகுதியைக் காற்றிலிருந்து, கண்ணீரின் வழியாக, அது நேரடியாகப் பெற்றுக்கொள்கிறது. மற்றொரு சிறப்பும் இதற்கு உண்டு. உடலிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் ஒரு தூசி விழுந்தாலும் பாறாங்கல் விழுந்தது போல நாம் துடிக்கிறோம்.

இப்படலத்தின் மேல் கண்ணீர் ஒரு மெல்லிய போர்வையாகப் படிந்திருக்கிறது. அடியில் சளிபோன்ற ஒரு பொருள், நடுவில் நீர், மேலே எண்ணெய் என அது அமைந்துள்ளது. எண்ணெய் கண்மடலின் விளிம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. நீர் விரைவாகக் காய்ந்துவிடாமல் காப்பது அதன் வேலை. நாம் நிமிடத்துக்குப் பதினைந்து தடவை அளவில் கண் சிமிட்டும்போது இந்தப் போர்வை புதுப்பிக்கப்படுகிறது.

தொடுவில்லை இந்தக் கண்ணீர்ப் போர்வையின் நடுவே மிதக்கிறது. ஆகவே அது கண்ணீரைப் பங்கிட்டுக் கொள்கிறது; ஒட்சிசன் வரும் வழியிலும் குறுக்கே நிற்கிறது. உறுத்தலின் காரணங்களிற் பெரும்பாலானவை இந்த இரண்டிலிருந்தும், லென்ஸில் படியும் அழுக்கிலிருந்தும் பிறக்கின்றன.

லென்ஸ் வந்த வழி

1888 இல் சூரிச் நகரில் அடோல்வ் பிக் என்ற வைத்தியர் கண்ணாடியால் செய்த தொடுவில்லையைப் பற்றி எழுதினார். அது கண்ணின் வெண்பகுதியையும் சேர்த்து மூடியது. சில மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்க முடியவில்லை. 1948 இல் அமெரிக்கரான கெவின் ரூகி கருவிழியை மாத்திரம் மூடும் சிறிய பிளாஸ்ரிக் லென்ஸைச் செய்தார். 1961 இல் செக்கோசிலோவாக்கியாவைச் சேர்ந்த இரசாயன அறிஞர் ஒட்டோ விக்டர்லே, நீரை உறிஞ்சி மென்மையாகும் பொருளைக் கொண்டு மென்லென்ஸ் வார்த்தார். நத்தார் விடுமுறையில், வீட்டுச் சமையலறையில், பிள்ளைகளின் விளையாட்டுக் கருவித் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் பூட்டி அவர் அந்த இயந்திரத்தை அமைத்தார் என்பது எமது ஊர் இளைஞர்கள் அறிய வேண்டிய செய்தி. 1990களின் இறுதியில் ஒட்சிசனை அதிகம் கடத்தும் சிலிக்கோன் ஐதரோஜெல் லென்ஸ்கள் வந்தன. ஒரு நாள் அணிந்துவிட்டு எறியும் லென்ஸ்களும் அந்தப் பத்தாண்டிலேயே பரவின.

இவ்வளவு முன்னேற்றத்துக்குப் பின்னரும் உறுத்தல் ஒழியவில்லை. பொருள் சிறந்தாலும் அதைக் கையாளும் கையும், கழுவும் நீரும், அணியும் நேரமும் மாறாவிட்டால் பயனில்லை.

உறுத்தலின் காரணங்கள்

1. கண் வரட்சி. வெளியில் வேலை முடித்து வந்து மின்விசிறியின் நேர் கீழே இருப்பது, குளிரூட்டிய அறையில் நாள் முழுவதும் இருப்பது, கைத்தொலைபேசியை உற்றுப் பார்ப்பது ஆகியவை கண்ணீரை உலர்த்தும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் குறைகிறது. தடிமனுக்கும் தும்மலுக்கும் பலர் தாமாகவே வாங்கி விழுங்கும் பிரிற்றன் போன்ற மாத்திரைகளும் கண்ணீரைக் குறைக்கக் கூடியவை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரட்சி அதிகம்.

2. அளவு பொருந்தாமை. மூக்குக் கண்ணாடிக்கு எழுதிய இலக்கத்தை வைத்து லென்ஸ் வாங்குவது தவறு. லென்ஸுக்கு வளைவும் விட்டமும் உண்டு. அவை ஒவ்வொருவர் கண்ணுக்கும் வேறுபடும். இலக்கமும் மாறும். கண்ணாடியில் மைனஸ் 8 உள்ள ஒருவருக்கு லென்ஸில் மைனஸ் 7.25 அளவே போதும், ஏனெனில் லென்ஸ் கண்ணோடு ஒட்டியே இருக்கிறது. இறுக்கமான லென்ஸ் கண்ணீர் ஓட்டத்தைத் தடுக்கும். தளர்ந்த லென்ஸ் ஒவ்வொரு சிமிட்டலிலும் உராயும்.

3. அழுக்குப் படிதல். கண்ணீரிலுள்ள புரதமும் எண்ணெயும் லென்ஸில் படிகின்றன. மாதம் ஒன்றுக்கென விற்கப்பட்ட லென்ஸை மூன்று மாதம் அணிந்தால் இந்தப் படிவு மேல் இமையின் உட்புறத்தைத் தொடர்ந்து உரசி, அங்கே சிறு சிறு பருக்களை எழுப்பும். கடியும் பிசுபிசுப்பும் ஏற்படும்.

4. கழுவும் திரவத்தின் ஒவ்வாமை. லென்ஸை அணிந்தவுடன் எரிந்து சிறிது நேரத்தில் அடங்கினால் இதனைச் சந்தேகிக்கலாம். ஐதரசன் பேரொட்சைட்டு கலந்த திரவத்தைப் பயன்படுத்துவோர், அதற்குரிய பெட்டியில், குறிக்கப்பட்ட நேரம் முழுவதும் லென்ஸை ஊறவிட வேண்டும். அவசரத்தில் எடுத்து அணிந்தால் கண் வெந்துவிடும்.

5. கிழிந்த அல்லது உள்வெளி மாறிய லென்ஸ். லென்ஸை விரல் நுனியில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சிறு கிண்ணம் போல் இருந்தால் சரி. விளிம்பு வெளியே விரிந்து தட்டுப் போல் இருந்தால் புரண்டிருக்கிறது.

6. ஒட்சிசன் பற்றாக்குறை. நீண்ட நேரம் அணிவதாலும் அணிந்தபடி தூங்குவதாலும் விழிவெண்படலம் வீங்கும். நாட்பட்டால் இரத்தக் குழாய்கள் அதன் ஓரத்திலிருந்து உள்ளே வளரத் தொடங்கும்.

7. கிருமித் தொற்று. எல்லாவற்றிலும் கொடியது இதுவே.

கிணற்றுத் தண்ணீர் ஏன் ஆகாது?

எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளின் ஊற்று. அந்த நீரைக் குடித்தும் குளித்தும் வளர்ந்த எமக்கு, "இந்தத் தண்ணீர் லென்ஸுக்கு ஆகாது" என்று சொன்னால் வியப்பாகவே இருக்கும். ஆனால் காரணம் எளிது. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் மண்ணிலும் அகந்தமீபா என்ற ஓரணு உயிரி வாழ்கிறது. குடித்தால் அது எம்மை ஒன்றும் செய்வதில்லை. லென்ஸில் ஒட்டிக்கொண்டு, கீறல் விழுந்த விழிவெண்படலத்தை அடைந்தால் அது உள்ளே குடியேறிவிடும். ஆபத்து வந்தால் கடினமான ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும் இயல்பு அதற்கு உண்டு. அதனால் மருந்து மாதக் கணக்கில் ஊற்ற வேண்டியிருக்கும். வலியோ தாங்க முடியாதது.

"தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, உப்புப் போட்டால்?" என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். 1980களில் ஐக்கிய அமெரிக்காவில் அகந்தமீபா நோய் பலருக்குக் கண்டபோது, காய்ச்சி வடித்த நீரில் உப்பு மாத்திரை கரைத்து வீட்டிலேயே கழுவுநீர் செய்தவர்கள் அவர்களிடையே பெருமளவில் இருந்தார்கள். ஆறவைக்கும் பாத்திரத்திலும் ஊற்றும் போத்தலிலும் கிருமி மீண்டும் சேர்ந்துவிடுகிறது; லென்ஸைத் துப்புரவாக்கும் அளவு உப்புக்குக் கிருமி கொல்லும் ஆற்றல் இல்லை. மேலும் சாதாரண நீர் மென்லென்ஸை வீங்கச் செய்து கண்ணோடு ஒட்டிவிடும். குளிக்கும்போதும், கேணியிலோ கடலிலோ நீந்தும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக்கூடாது. எச்சிலால் நனைப்பது அதைவிடக் கேடு.

கடையில் வாங்கும் திரவமும் கவனமாகக் கையாளப்பட வேண்டும். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் சிங்கப்பூர், ஹொங்கொங், ஐக்கிய அமெரிக்கா ஆகிய இடங்களில் லென்ஸ் அணிந்த பலரின் கண்களில் பியூசேரியம் என்ற பங்கசு தொற்றியது. குறிப்பிட்ட ஒரு கழுவும் திரவத்துடன் அது தொடர்புபட்டிருந்தமையால், 2006 மே மாதத்தில் அத்திரவம் உலகெங்கும் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பழைய திரவத்தை ஊற்றாமல் அதன்மேல் புதியதைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளும் வழக்கமும் ஆபத்தைக் கூட்டியதாக அப்போது அறியப்பட்டது. சிக்கனம் நல்லது, ஆனால் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

தூக்கத்தில் லென்ஸ் அணிவது பற்றியும் ஒரு கணக்கு உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் 1989 இல் வெளியான ஆய்வின்படி, பகலில் மாத்திரம் மென்லென்ஸ் அணிவோரில் பத்தாயிரம் பேருக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய 4 பேருக்கு விழிவெண்படலப் புண் கண்டது. இரவிலும் அணியும் லென்ஸ் பாவித்தோரில் அது ஏறக்குறைய 20 பேர். ஐந்து மடங்கு!

தோட்டமும் லென்ஸும்

எமது மண்ணுக்கென்றே ஒரு தனி எச்சரிக்கை தேவை. ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் விழிவெண்படலப் புண்ணின் முக்கிய காரணம் லென்ஸ்தான். எம்மைப் போன்ற விவசாயச் சமூகங்களிலோ முதற் காரணம் தோட்டத்தில் கண்ணில் படும் காயம். ஓர் இலை நுனி, வைக்கோற் துரும்பு, நெல் உமி போதும். தமிழ்நாட்டின் மதுரை மாவட்டத்தில் 1993 ஆம் ஆண்டுக்குச் செய்த கணிப்பில், ஓர் இலட்சம் பேருக்கு 113 பேர் அளவில் இந்தப் புண்ணுக்கு உள்ளாகினர். அமெரிக்க மாவட்டம் ஒன்றின் கணக்கோடு ஒப்பிட்டால் இது ஏறக்குறைய பத்து மடங்கு. தென்னிந்தியாவில் இப்புண்களிற் பெரும் பங்கு பங்கசினால் வருவது.

லென்ஸ் அணிந்தவர் தோட்டத்தில் இறங்கும்போது இந்த இரண்டு ஆபத்துகளும் ஒரே கண்ணில் சேர்கின்றன. வெங்காயம் கிண்டும்போதும், புகையிலை வேலையின்போதும், சூடு அடிக்கும்போதும், மருந்து தெளிக்கும்போதும் லென்ஸைக் கழற்றிவிட்டு மூக்குக் கண்ணாடியை அணியுங்கள். மென்லென்ஸ் பஞ்சு போன்றது. மருந்தின் ஆவியையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மிளகாய்த்தூள் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவினாலும் காரம் சிறிது தங்கும். ஆகவே சமையல் தொடங்குமுன் லென்ஸை அணிவதும், சமையலுக்குப் பின் கையைப் பலமுறை கழுவியபின் கழற்றுவதும் நல்லது.

ஒரு விதிவிலக்கை மறக்க வேண்டாம். கிருமிநாசினியோ வேறு மருந்தோ கண்ணில் தெறித்துவிட்டால் அப்போது கிணற்றுத் தண்ணீரே முதல் மருந்து. ஒரு நிமிடமும் தாமதியாமல், கண்ணைத் திறந்து பிடித்து, குறைந்தது பதினைந்து நிமிடம் நீரை ஊற்றிக் கழுவுங்கள். லென்ஸைக் கழற்ற முடியுமானால் கழுவும்போதே கழற்றி எறிந்துவிடுங்கள். பின்னர் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

உறுத்தினால் என்ன செய்வது?

முதலில் லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியதும் உறுத்தல் நின்றுவிட்டால் குறை பெரும்பாலும் லென்ஸில் இருக்கிறது. அதை வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல், படிவு, தூசி உண்டா என்று பாருங்கள். புதிய திரவத்தால் தேய்த்துக் கழுவி மீண்டும் அணியலாம். மறுபடியும் உறுத்தினால் அந்த லென்ஸை எறிந்துவிட்டுப் புதியதை அணியுங்கள். புதியதும் உறுத்தினால் அளவைப் பரிசோதிக்க வேண்டும்.

லென்ஸைக் கழற்றிய பின்னரும் உறுத்தல் நீடித்தால் குறை கண்ணில்தான். அந்தக் கண்ணில் லென்ஸை மீண்டும் அணியவே கூடாது.

நாளாந்தம் கைக்கொள்ள வேண்டியவை இவை:

- சவர்க்காரமிட்டுக் கை கழுவி, நூல் பிரியாத சுத்தமான துணியால் நன்றாகத் துடைத்த பின்னரே லென்ஸைத் தொட வேண்டும். ஈரக்கை கூடாது.
- கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்துத் திரவம் விட்டு விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஊற வைப்பது மாத்திரம் போதாது.
- பெட்டியிலுள்ள பழைய திரவத்தை ஒவ்வொரு நாளும் ஊற்றிவிட வேண்டும். பெட்டியைத் திரவத்தாலேயே அலசிக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். மூன்று மாதத்துக்கொரு முறை பெட்டியை மாற்ற வேண்டும்.
- முகப்பவுடர், கண்மை ஆகியவற்றுக்கு முன் லென்ஸ். துடைப்பதற்கு முன் லென்ஸைக் கழற்றல்.
- திரையைப் பார்க்கும்போது இருபது நிமிடத்துக்கொரு தடவை தூரத்தே பார்த்து, நன்றாகக் கண் சிமிட்ட வேண்டும். லென்ஸுக்கு ஏற்றதென்று குறிக்கப்பட்ட செயற்கைக் கண்ணீர்த் துளிகளை வைத்தியரின் ஆலோசனையுடன் பாவிக்கலாம்.
- வசதியுள்ளவர்களுக்கு, அன்றன்று எறியும் லென்ஸே பாதுகாப்பில் முதலிடம் பெறுவது. ஆனால் அதையும் மறுநாளுக்கு வைத்தால் பயனில்லை.
- எவருடைய லென்ஸையும் மற்றவர் அணியக் கூடாது. மணப்பெண் அலங்காரத்துக்கென வரும் நிற லென்ஸ்களுக்கும் இது பொருந்தும். ஐக்கிய அமெரிக்கா 2005 இல் இயற்றிய சட்டம், அழகுக்காக அணியும் லென்ஸையும் மருத்துவச் சாதனமாகவே கணித்து, வைத்தியச் சிட்டை இல்லாமல் விற்பதைத் தடுத்தது.

எப்போது உடனே ஓட வேண்டும்?

கடும் வலி, வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், ஒரு கண் மாத்திரம் சிவந்து நீர் அல்லது சீழ் வடிதல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே கண் வைத்தியரைப் பார்க்க வேண்டும். லென்ஸ் அணிவோரைத் தாக்கும் சூடோமோனாஸ் என்ற பற்றீரியா, ஓரிரு நாட்களிலேயே விழிவெண்படலத்தைக் கரைத்துவிடக் கூடியது. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் கண் சிகிச்சைப் பிரிவு உண்டு. உரும்பிராயிலிருந்து பலாலி வீதியால் போனால் அது தூரமில்லை. கழற்றிய லென்ஸையும் பெட்டியையும் எறியாமல் கொண்டு போங்கள். கிருமியைக் கண்டுபிடிக்க அவை உதவும். கண்ணைக் கட்டி மூட வேண்டாம்.

கை வைத்தியம் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், நாவால் தூசி எடுத்தல் என்பன எமது பெரியவர்கள் அன்போடு செய்தவை. அன்பைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கீறல் விழுந்த கண்ணில் இவை கிருமியை விதைக்கும். பாமசியில் "சிவப்புக்கு ஒரு மருந்து" என்று கேட்டு வாங்கும் துளிகள் அதைவிட மோசமானவை. அவற்றில் ஸ்டீரொயிட் இருந்தால் முதல் நாள் சிவப்புக் குறையும், நோயாளி மகிழ்வார்; உள்ளே பங்கசு தடையின்றி வளரும்.

லென்ஸ் அணியாத தோட்டக்காரருக்கு ஒரு நற்செய்தியும் உண்டு. நேபாளத்தின் பக்தபூர் மாவட்டத்தில் கிராமத் தொண்டர்கள், கண்ணில் கீறல் விழுந்தவர்களுக்குக் குளோரம்பெனிக்கோல் களிம்பை நாளுக்கு மூன்று தடவை, மூன்று நாள் இட்டனர். காயம்பட்டு 18 மணி நேரத்துக்குள் களிம்பு இடப்பட்டவர்களில் எவருக்கும் புண் உண்டாகவில்லை என்று 2001 இல் வெளியான அறிக்கை கூறியது. நேரத்தோடு செய்யும் சிறிய காரியம் ஒரு கண்ணைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் லென்ஸ் அணிபவர் இக்களிம்போடு நின்றுவிடக் கூடாது. அவர்களைத் தாக்கும் கிருமி வேறு. வைத்தியரிடமே செல்ல வேண்டும்.

புண் ஆறினாலும் வடு நிற்கும். வடு நடுவில் விழுந்தால், இறந்த ஒருவரின் விழிவெண்படலத்தைப் பொருத்துவதே வழி. 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் 1964 முதல் வெளிநாடுகளுக்கும் கண்களை அனுப்பி வந்துள்ளது. உலகுக்குக் கண் கொடுத்த நாடு இது. கவனயீனத்தால் எமது கண்ணை நாமே இழக்கலாமா?

மறைக்க வேண்டியதில்லை

இந்தப் பிரச்சினையின் வேர் சில வீடுகளில் கண்ணில் இல்லை, வெட்கத்தில் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அறியக் கூடாதென்று மகளுக்கு லென்ஸ் வாங்கிக் கொடுக்கிறோம். கலியாணம் முடிந்து போன வீட்டிலும் அவள் மறைக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரவில் கழற்ற இடமில்லை. திரவத்தை வைக்க இடமில்லை. கண் சிவந்தால் காரணம் சொல்ல வாயில்லை. அப்படிப்பட்ட பெண்ணுக்கு நாம் கொடுத்தது அழகையா, ஆபத்தையா? கிட்டப்பார்வை ஒரு குறை அல்ல. மூக்குக் கண்ணாடி அணிவது குற்றமும் அல்ல. லென்ஸ் அணியும் ஒவ்வொருவரும் சரியான இலக்கத்தில் ஒரு கண்ணாடியையும் கட்டாயம் வைத்திருக்க வேண்டும். கண் ஓய்வு கேட்கும் நாளில் அதுவே துணை.

வேறு சிலருக்கு லென்ஸ் அழகுக்கானது அல்ல. விழிவெண்படலம் மெலிந்து கூம்பு போல முன்தள்ளும் நோயுள்ளவர்களுக்குக் கண்ணாடி உதவாது. வன்லென்ஸினால்தான் தெளிவாகப் பார்க்க முடியும். அவர்கள் உறுத்தலுக்காக லென்ஸைக் கைவிடவும் முடியாது, உறுத்தலைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது. ஒழுங்காக நிபுணரிடம் காட்டி அளவை மாற்றிக்கொள்வதே வழி. கண்ணை ஓயாமல் கசக்கும் பிள்ளைகளுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்பதால், கசக்கும் பழக்கத்தைப் பெற்றோர் சிறு வயதிலேயே கவனிக்க வேண்டும்.

கிராமம் செய்யக்கூடியது

லென்ஸ் பொதிகளிலுள்ள அறிவுறுத்தல்கள் ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் உள்ளன. அணியும் பிள்ளை படித்தாலும், வீட்டிலுள்ள தாய்க்கும் மாமிக்கும் அவை எட்டுவதில்லை. 1848 இல் மானிப்பாயில் மருத்துவப் பணியைத் தொடங்கிய சாமுவேல் கிறீன், மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழிலே ஆக்கித் தந்தார். மக்களின் மொழியில் சொல்லப்படாத மருத்துவம் மக்களைச் சேராது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்தப் பணியின் சிறு பகுதியை எமது இளைஞர் கழகங்களும் மாதர் சங்கங்களும் இன்று செய்யலாம். மேலே சொன்ன நாளாந்த விதிகளையும் ஆபத்து அறிகுறிகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதி, கண்ணாடிக் கடையிலும், பாமசியிலும், மணப்பெண் அலங்கார நிலையத்திலும் ஒட்டுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கண் வைத்தியர் ஒருவரையோ தாதி ஒருவரையோ அழையுங்கள். லென்ஸ் பொதி அனுப்பும் வெளிநாட்டு உறவினருக்கும் எழுதுங்கள்: "லென்ஸ் அனுப்ப வேண்டாம். இங்கே கண்ணைச் சோதித்து அளவு எடுப்பதற்குப் பணம் அனுப்புங்கள்."

கண் உறுத்தினால் லென்ஸைக் கழற்றுவோம். கழற்றியும் உறுத்தினால் வைத்தியரிடம் செல்வோம். இந்த இரண்டு வசனங்களையும் வீட்டிலுள்ள எல்லோரும் மனதில் வைத்திருந்தால் போதும். பல கண்கள் காப்பாற்றப்படும்.